வீட்டு மீன் தொட்டி: முதலில் நீர், பிறகு மீன்

சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்து லயங்களின் பக்கம் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பட்டணத்து இரவுச் சந்தைக்குச் சென்று திரும்பும் சிறுவன் ஒருவன், வாய் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி வருவான். பைக்குள் நான்கைந்து வண்ண மீன்கள் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவை ஒரு கண்ணாடிச் சாடியிலோ பழைய பாத்திரத்திலோ குழாய்த் தண்ணீருடன் விடப்படும். வீட்டார் அனைவரும் கூடி நின்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே மிதக்கும். ஒரு வாரம் கழிவதற்குள் சாடி காலியாகிவிடும். அடுத்த சம்பளத்திற்கு மீண்டும் பை வரும். மீண்டும் மீன் சாகும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபின், "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று கூறிச் சாடியைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடுவார்கள். அங்கே அது மழைநீர் பிடித்துக் கொசு வளர்க்கும்.

ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவ்வாறு இறக்கும் மீன்களில் மிகப் பெரும்பாலானவை பசியால் இறப்பதில்லை, நோயாலும் இறப்பதில்லை. அவை வாழும் நீரே அவற்றைக் கொல்கிறது. அஃது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், வீட்டில் மீன் வளர்ப்பது கோழி வளர்ப்பதைவிட எளிய காரியம்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் பயிற்சியை முடித்த புதிதில், ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்து வந்தேன். பிள்ளைகளுக்கு உயிரினங்களைப் பற்றிக் கற்பிக்க ஒரு கண்ணாடிச் சாடியும் ஆறு தங்கமீன்களும் வாங்கி வகுப்பறையில் வைத்தேன். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் தீனி போட்டார்கள். சுத்தத்தில் குறை இருக்கக்கூடாது என்று எண்ணி, நாள்தோறும் பள்ளி முடிந்ததும் தண்ணீர் முழுவதையும் கொட்டி, சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் நிரப்பினேன். எட்டாம் நாள் காலையில் கடைசி மீனும் இறந்து கிடந்தது. "சார், நாங்கள் ஒருநாளும் சாப்பாடு போட மறக்கவில்லையே, ஏன் செத்தது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மீன் கடைக்காரர் நோயுள்ள மீனை விற்றுவிட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கடைக்காரர் மீது நான் சுமத்திய பழி பொய்ப்பழி என்பது பின்னர்தான் தெரிந்தது.

அதே தோட்டத்தில், ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் தம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தார். அதில் செப்பாட் மீன்களும் எண்ணற்ற கப்பிகளும் பல ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. தொட்டியின் சுவரெல்லாம் பச்சை படிந்திருந்தது. அடியில் பாசிச்செடி அடர்ந்திருந்தது. "தாத்தா, இதை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கழுவுவதா? கட்டிய நாள் முதல் கழுவியதே இல்லை வாத்தியாரையா. வாரத்திற்கு இரண்டு வாளி எடுத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன். இரண்டு வாளி புதுத் தண்ணீர் விடுவேன். அவ்வளவுதான்" என்றார். நான் நாள்தோறும் கழுவியும் மீன்கள் இறந்தன. அவர் கழுவாமலே வாழ்ந்தன. காரணத்தைக் கீழே காண்போம்.

நீரில் ஊறும் நஞ்சு

பால்வெட்டுத் தொழிலில் இருப்போருக்கு அம்மோனியாவைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. வெட்டிய பால் ஸ்டோருக்கு வருமுன் கட்டிப்பட்டுவிடாமல் இருக்க அதில் சேர்க்கப்படும் அந்த மருந்தின் நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் வந்துவிடும். பாலைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அது அடக்கி வைப்பதால்தான் பால் நீர்மமாக நிற்கிறது. அதே அம்மோனியாவைத்தான் மீன்களும் கழிவாக வெளியிடுகின்றன. மனிதன் தன் உடற்கழிவைச் சிறுநீராகக் கழிப்பது போல, மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை இடைவிடாமல் நீரில் விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும், மீனின் எச்சமும், அழுகிய இலையும் அம்மோனியாவாகவே மாறுகின்றன.

ஆற்றிலும் குளத்திலும் நீர் ஏராளமாக இருப்பதால் இந்தக் கழிவு கரைந்து மறைகிறது. ஒரு சாடியில் அடைபட்ட மீனுக்கு அந்த வசதி இல்லை. தான் விட்ட நஞ்சைத் தானே மூச்சாக இழுக்க வேண்டியதாகிறது. செவுள்கள் வெந்து, மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாம் அதைப் பார்த்து, பசிக்கிறது போலும் என்று எண்ணி இன்னும் ஒரு கைத் தீனியைப் போடுவோம். அந்தத் தீனியும் அழுகும். நீரில் நெடி தெரியவில்லையே என்று கேட்கலாம். மனிதன் மூக்குக்கு எட்டும் அளவுக்கு அம்மோனியா சேருமுன்னரே மீன் இறந்துவிடும்.

இயற்கையில் இதற்கு ஒரு மாற்று உண்டு. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களில் ஒரு வகை, அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டு என்னும் பொருளாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ஆனால் இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. நைட்ரேட்டு, அளவுக்கு மிஞ்சாதவரை மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. செடிகளுக்கோ அது உரம். தாத்தாவின் கறிவேப்பிலை செழித்ததற்கு அதுவே காரணம்.

இந்த இரு வகை பாக்டீரியாக்களும் நீரில் மிதந்து திரிவதைவிட, கல், மணல், பஞ்சு, கண்ணாடிச் சுவர் ஆகியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதே மிகுதி. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீன்களை நிறைய விட்டால், நஞ்சு முதலில் சேர்ந்துவிடுகிறது. அதை உண்ண வேண்டியவை பிறகுதான் வருகின்றன. வகுப்பறையில் நான் செய்தது இதனினும் கேடு. அவை ஒட்டத் தொடங்கிய மாலையே சவர்க்காரம் போட்டுத் தேய்த்து அழித்தேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை விட்டு எஞ்சியவற்றையும் கொன்றேன். தாத்தாவின் தொட்டியில் படிந்திருந்த பச்சையும் வழவழப்பும் அழுக்கு என்று நான் எண்ணினேன். உண்மையில் அந்தத் தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தது அந்தப் படிவுதான்.

தண்ணீரைத் தயாரித்தல்

குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ப்பது நம் நலனுக்காக. நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காக. ஆனால் அது நல்ல பாக்டீரியா, தீய பாக்டீரியா என்று வேறுபாடு பார்ப்பதில்லை. மீனின் மென்மையான செவுள்களையும் அரிக்கிறது. ஆகவே குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் பிடித்து, ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வைத்திருந்த பின்னரே தொட்டியில் விட வேண்டும். இடையிடையே கலக்கிவிட்டால் குளோரின் விரைவில் ஆவியாகும். வாளியின் வாயைக் கொசு புகாதபடி மெல்லிய வலைத்துணியால் கட்டிவைப்பது அவசியம். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் என்னும் கலவையைச் சேர்க்கிறார்கள். அது வெறுமனே வைத்திருப்பதால் போகாது. மீன் கடைகளில் குளோரின் நீக்கி மருந்து சிறு புட்டிகளில் கிடைக்கும். அதன் மேலுறையில் குளோரமினுக்கும் பயன்படும் என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகமில்லை, சில துளிகளே போதும்.

கிணற்று நீரையும் ஓடை நீரையும் பயன்படுத்துவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த பின்னரும், மரத்திற்கு உரம் போட்ட பின்னரும் பெய்யும் மழை அவற்றை ஓடைக்கு அடித்துச் சென்றுவிடும். அந்த வாரங்களில் ஓடை நீரை மீனுக்கு எடுக்க வேண்டாம். மழைநீர் நல்லதே, எனினும் தகரக் கூரையில் முதலில் விழும் நீர் தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால் அதை விட்டுவிட்டு, மழை கொஞ்ச நேரம் பெய்தபின் பிடிக்க வேண்டும். மழைநீரை மட்டுமே ஊற்றிவந்தால் நாளடைவில் தொட்டி நீரில் புளிப்புத்தன்மை ஏறும். குளோரின் போன குழாய்த் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்துகொள்வது நலம்.

பாத்திரத்தைப் பற்றி ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். பால் வாளி, ஃபார்மிக் அமிலம் இருந்த பீப்பாய், களைக்கொல்லி வந்த தோம்பு ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்தக்கூடாது. களைக்கொல்லித் தோம்புகளில் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் என் கண்ணில் பட்டிருக்கிறது. மீனை விடுங்கள், அந்த நீரைப் பிள்ளைகள் குடிக்கிறார்களே! மீன் தொட்டிக்கென்றே ஒரு வாளி, ஒரு குவளை ஒதுக்கி வையுங்கள். சவர்க்காரம் அவற்றில் படக்கூடாது.

தொட்டியும் அதன் இடமும்

சிறிய தொட்டியே முதலில் போதும் என்று பலர் எண்ணுவது இயல்பு. ஆனால் நீர் குறையக் குறைய நஞ்சு விரைவில் சேரும்; வெயில் பட்டால் விரைவில் சூடேறும். உருண்டைச் சாடி அழகாக இருக்கலாம். மீனுக்கு அது சிறைதான். புதிதாகத் தொடங்குவோருக்கு 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஏற்றது. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். சற்றுக் குறைத்து விட்டாலும் 50 லிட்டர் இருக்கும். நீர் மட்டுமே 50 கிலோ, அதாவது 10 கிலோ அரிசிப் பைகள் ஐந்தின் எடை. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் இன்னும் மிகும். ஆட்டம் காணும் மேசையும் பலகை அடுக்கும் இதைத் தாங்கமாட்டா. செங்கல் அல்லது சிமெண்டுக் கல்லை அடுக்கி, மேலே சமமான கனத்த பலகையை இட்டு, அதன்மேல் மெல்லிய நுரைத்தகடு விரித்துத் தொட்டியை வையுங்கள். நீர் நிரம்பிய தொட்டியை ஒருபோதும் தூக்கி நகர்த்தலாகாது, மூட்டு விட்டுவிடும்.

பழைய தொட்டி ஒருவரிடமிருந்து குறைந்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டினுள் வைக்குமுன், வெளியில் சமதளத்தில் வைத்து, இரண்டு நாள் நீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால், பழைய பசையைச் சுரண்டியெடுத்துவிட்டு மீன் தொட்டிக்கென விற்கும் சிலிக்கோன் பசையால் ஒட்டலாம். குளியலறைக்கு விற்கும் பசையில் பூஞ்சைக்கொல்லி கலந்திருப்பதுண்டு. அது மீனுக்கு ஆகாது.

சன்னலோரத்தில் நேர் வெயில் படும் இடம் வேண்டாம். வெயிலில் நீர் பச்சையாகும், பிற்பகலில் கொதிக்கும். நம் நாட்டுத் தட்பவெப்பம் வெப்பமண்டல மீன்களுக்கு இயல்பாகவே பொருந்துவதால், குளிர்நாட்டார் போலச் சூடேற்றும் கருவி வாங்கவேண்டிய செலவு நமக்கில்லை. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

அடியில் போட ஆற்றுக் கூழாங்கல் நல்லது. நீர் தெளியும்வரை பல முறை அலச வேண்டும். சில கற்களின்மேல் புளிக்காடி சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், வேண்டாம். கடற்கரை மணலும் சிப்பியும் பவளமும் அழகுக்காகப் போடுவது தவறு.

ஒரு சிறு காற்று மோட்டாரும், அதனுடன் இணைக்கும் பஞ்சு வடிகட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று பஞ்சின் ஊடே நீரை இழுப்பதால், மேலே கூறிய பாக்டீரியாக்களுக்கு அந்தப் பஞ்சே குடியிருப்பாகும். மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு பலகையில் வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் தடைப்படும்போது குழாய் வழியே நீர் திரும்பி இறங்கி மோட்டாருக்குள் புகும். மின்கம்பியும் நேராகச் சுவிட்சுக்குச் செல்லாமல், ஒரு வளைவாகக் கீழே தொங்கிப் பிறகு மேலேறட்டும். கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைத்துவிடுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். இடி மழையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோனால், ஒரு குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும்.

மூடி அவசியம். மீன் துள்ளும், பூனை காத்திருக்கும், பல்லி விழும்.

பொறுமை வேண்டிய வாரங்கள்

தொட்டியை நிரப்பி, பாசிச்செடி நட்டு, மோட்டாரை ஓடவிட்டபின் உடனே மீன் வாங்க ஓட வேண்டாம். நெடுநாளாக நலமுடன் ஓடும் தொட்டி வைத்திருக்கும் அன்பர் எவரேனும் இருந்தால், அவருடைய வடிகட்டிப் பஞ்சிலிருந்து ஒரு துண்டோ, ஒரு கைப்பிடி அடிக்கல்லோ கேட்டு வாங்கி, காயவிடாமல் ஈரத்துடன் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது. காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். உறை கிடைக்காதவர்கள் மூன்று கப்பிகளை மட்டும் விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிட்டிகைத் தீனி போட்டு, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி வரலாம். ஆறு வாரம் கழிந்ததும் சிறிது சிறிதாக மீன்களைக் கூட்டலாம். இடையில் நீர் சில நாள் வெண்மையாகக் கலங்கும். அதைக் கண்டு எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுவோர்தாம் மிகுதி. கொட்டாதீர்கள், தானே தெளியும்.

கடையிலிருந்து வந்த பையை முதலில் தொட்டி நீரின்மேல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

எந்த மீன் என்று கேட்பீர்களானால், முதல் மீன் கப்பி என்பதே என் பதில். தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்ட இந்த மீன், 1866-இல் டிரினிடாடிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகளை அனுப்பிய கப்பி என்பவரின் பெயரால் வழங்குகிறது. கொசுப் புழுக்களை உண்பதால் உலகின் பல பாகங்களில் கொண்டுவந்து விடப்பட்டது. நம் பிள்ளைகள் கால்வாயில் பிடிக்கும் 'லோங்காங் மீன்' இதன் உறவே. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய மாதத்துக்கொரு முறை ஈனும். ஆகவே ஆணும் பெண்ணுமாக வாங்கினால் சில மாதங்களில் தொட்டி நிரம்பி வழியும். இடம் கருதுவோர் ஆண்களை மட்டும் வளர்க்கலாம். வண்ணமும் அவற்றுக்கே அதிகம்.

சண்டை மீன் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேராகவே சுவாசிக்கக் கூடியது. அதனாலேயே கடைகளில் அதைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். உயிர் பிழைத்திருப்பது வேறு, வாழ்வது வேறு. அதற்கும் 10 லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று மிஞ்சுவதும் ஐயமே.

தங்கமீனை நம்மவர் மிக விரும்புவர். நானும் விரும்பித்தான் வாங்கினேன். ஆனால் அது குளிர்ந்த நீரை நாடுவது, நன்கு வளர்ந்தால் அரையடியைத் தாண்டும், கழிவும் மிகுதி. 2 அடித் தொட்டியில் ஆறு தங்கமீன் என்பது ஒற்றை அறையில் ஆறு குடும்பம் குடியிருப்பது போலாகும். ஓராண்டு அனுபவம் பெற்றபின், பெரிய தொட்டியோடு அதை நினைத்துக்கொள்ளலாம்.

தீனியும் வாராந்திரப் பணியும்

ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீனி. சோறும் ரொட்டியும் வேண்டாம். முன்பு கூறியபடி, வாயைத் திறந்து மூடுவது பசிக்கு அடையாளமன்று. அவ்வாறு கண்டால் தீனியை நிறுத்தி, நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

வாரத்துக்கொரு முறை, மழையால் வெட்டு இல்லாத காலையிலோ ஓய்வு நாளிலோ, இப்பணியைச் செய்யலாம். ஒரு முழ ரப்பர் குழாயால் அடியிலுள்ள கசடை உறிஞ்சி, நாலில் ஒரு பங்கு நீரை வாளியில் இறக்குங்கள். பஞ்சு அடைத்திருந்தால், இறக்கிய அந்த நீரிலேயே மெல்லப் பிழிந்து திரும்ப மாட்டுங்கள். குழாயடியில் காட்டினால் அத்தனை பாக்டீரியாவும் போகும். பிறகு தயாராக வைத்திருந்த நீரை விடுங்கள். இருபது நிமிட வேலை. இறக்கிய நீரை மிளகாய்க்கும் வெண்டைக்கும் ஊற்றுங்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். மற்ற பக்கங்களின் பாசியை விட்டுவிடுங்கள்.

உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லில் உரசிக்கொண்டால் அது ஒட்டுண்ணி நோய். புதிதாக வாங்கிய மீனுடன்தான் பெரும்பாலும் வரும். எனவே புதிய மீனைத் தனிப் பாத்திரத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துச் சேர்ப்பது நலம். கப்பித் தொட்டியாயின், 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து மெல்ல ஊற்றலாம். கெளுத்தி இனமும் செடியும் உப்பைத் தாங்குவது குறைவு. குணமாகாவிட்டால் கடையில் மருந்து கேட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மிகாமல் பயன்படுத்துங்கள்.

கொசுவும் மீன் தொட்டியும்

டெங்கிக் காய்ச்சல் நம் தோட்டப்புறங்களுக்கும் புதியதன்று. உயிருள்ள கப்பி நீந்தும் தொட்டியில் கொசு பெருகாது; இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவை மீன் தின்றுவிடும். மீன் இறந்தபின் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தொட்டியிலும் சாடியிலும்தான் ஆபத்து. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் போலப் போதும். கைவிட்ட நிரைகளில் மரத்தில் நிமிர்ந்தபடி இருக்கும் மங்குகளும் இத்தகையவையே. அவற்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று சொல்லாத ஆண்டில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப் புழுவை வளரவிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே மீன் வளர்ப்பதைக் கைவிடுவோர் தொட்டியைக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள்.

புகைமருந்து அடிக்க வரும் நாளில் ஒரு செயலை மறவாதீர்கள். கொசுவைக் கொல்லும் அம்மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மனிதனுக்குத் தீங்கு செய்யாத சிறு அளவும் மீனைக் கொன்றுவிடும். புகை வருமுன் மோட்டாரை நிறுத்துங்கள். இல்லையேல் அது புகையை இழுத்து நேரே நீருக்குள் செலுத்தும். தொட்டியை ஈரத் துணியாலும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பாலும் இடைவெளியின்றி மூடுங்கள். புகை முற்றும் கலைந்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டபின், மூடியைக் கழற்றி மோட்டாரை ஓட்டுங்கள். வீட்டில் கொசுவத்தி ஏற்றுவதும் பூச்சி மருந்து தெளிப்பதும் மீன் தொட்டி உள்ள அறையில் வேண்டாம். மீனுக்காகப் புகையடிக்க வருவோரைத் தடுத்து வாசலில் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது பெருந்தவறு, மூடி வைத்தால் மீனும் பிழைக்கும், அண்டை வீட்டாரும் பிழைப்பர்.

மீன் பெருகிவிட்டாலும், வளர்ப்பது அலுத்துவிட்டாலும், அவற்றை ஓடையிலோ ஆற்றிலோ விடலாகாது. தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தியை நாம் 'இக்கான் பண்டாராயா' என்று அழைக்கிறோம். கையளவு இருக்கையில் வாங்கி, முழங்கை நீளம் வளர்ந்ததும் ஆற்றில் விட்டவர்களால், அது இன்று கிள்ளான் ஆறு உள்ளிட்ட பல ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, வலையைக் கிழிக்கிறது, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. வேண்டாத மீனை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கடைக்காரரும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்.

தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் வெளியூர் செல்வோர் கவலைப்படுகிறார்கள். நிலைபெற்ற தொட்டியில் வளர்ந்த மீன்கள் நான்கைந்து நாள் தீனியின்றி இருந்தால் ஒன்றும் ஆகாது. புறப்படும் நாளுக்கு முதல் நாள் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டுச் செல்லலாம். அதற்கு மேலும் தங்க நேர்ந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஆனால் தீனி டப்பாவை அப்படியே கொடுத்துவிட வேண்டாம். அன்பின் மிகுதியால் முழு டப்பாவையும் கொட்டிவிடுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகையாகக் காகிதத்தில் மடித்து, நாளை எழுதி, மூன்று நாளுக்கு ஒரு பொட்டலம் வீதம் கொடுத்து, டப்பாவை உள்ளே பூட்டிவிட்டுப் புறப்படுங்கள்.